உப்புக்கண்டத்துக்கு ஏற்ற கறி எங்கே கிடைக்கும்?

உப்புக்கண்டம் போடக் கறி வாங்குகிறவர், குழம்புக்கு வாங்குகிறவரைவிட அதிக விழிப்போடு இருக்க வேண்டும். குழம்பு பல குறைகளைப் பொறுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கொதிக்கிற சட்டியில் கிருமிகள் பெரும்பாலும் மடிந்துவிடும். லேசான வாடை இருந்தாலும் மிளகும் இஞ்சியும் பட்டையும் அதை மூடிவிடும். உப்புக்கண்டத்தில் அப்படி எதுவும் நடக்காது. பச்சைக் கறியை நீளவாக்கில் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, நூலில் கோத்து, நாலைந்து நாள் வெயிலிலும் காற்றிலும் விட்டுவிடுகிறோம். விறகடுப்பு இருக்கிற வீடுகளில் அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகை பிடிக்க வைப்பதும் உண்டு. கறியில் கோளாறு இருந்தால் இரண்டாம் நாளே பிசுபிசுப்பு தட்டும், நாற்றம் எழும். அதனால், சங்கரன்கோவிலில் நல்ல கறி எங்கே கிடைக்கும் என்ற கேள்வியை உப்புக்கண்டத்தை மனதில் வைத்துக் கேட்பதுதான் சரியான சோதனை. இந்தக் கேள்விக்கு ஊரில் கிடைக்கிற பதில் எப்போதும் ஒரு கடையின் பெயராக, ஒரு அண்ணாச்சியின் பெயராக, ஒரு பாயின் பெயராக இருக்கிறது. ஆனால் கறியின் தரம் கடைக்கு வருவதற்கு வெகு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆடு எந்த வகை, எத்தனை பல் போட்டது, சந்தையிலிருந்து வந்த பிறகு எத்தனை மணி நேரம் இளைப்பாறியது, கால்நடை மருத்துவர் அதைப் பார்த்தாரா, எந்த இடத்தில் அறுத்தார்கள் என்பவைதான் அதை முடிவு செய்கின்றன. காசு கொடுக்கிறவருக்கு இவற்றில் பெரும்பாலானவை தெரிவதற்கு இன்று வழியில்லை. தெரியச் செய்வது நகராட்சியின் கடமை. அது பெரிய செலவு பிடிக்கிற காரியமும் அல்ல.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இந்தப் பக்கத்தில் சரக்குக்குக் குறைவே இல்லை. தென்காசி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசலும் செம்மண்ணும் கலந்த மேய்ச்சல் நிலம் தமிழ்நாட்டின் மிகச் சிறந்த ஆட்டினங்கள் சிலவற்றுக்குத் தாய்நிலம். கருத்த உடம்பில் முகத்தின் இரு பக்கமும் வெள்ளைக் கோடு ஓடினால் பால்கன்னி, அந்தக் கோடு செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. கால் நீண்டு ஒல்லியாக உயர்ந்து நிற்பது கொடி ஆடு; வெள்ளையில் கருப்புத் தெளித்தாற்போல் இருந்தால் கரும்போரை, சிவப்புத் தெளித்திருந்தால் செம்போரை. செம்மறியில் வேம்பூர் ஆடு, செவ்வாடு, கீழக்கரிசல் என்று தனித்தனி வகைகள் உண்டு. இவை கொட்டிலில் கட்டிப்போட்டுத் தீவனம் கொட்டிக் கொழுக்க வைத்த ஆடுகள் அல்ல. பகலெல்லாம் நடந்து, உடை நெற்றும் கருவேல நெற்றும் பொறுக்கித் தின்று, கோடையில் காய்ந்த புல்லைக் கடித்து வளர்ந்தவை. அதனால் சதை இறுகி, கொழுப்பு குறைந்து இருக்கும். குறிப்பாக வெள்ளாட்டுக்குக் கொழுப்பு குடலைச் சுற்றிச் சேருமே தவிர, சதைக்குள் அதிகம் இறங்காது. உப்புக்கண்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கறி கிடையாது. வெயிலில் முதலில் கெடுவது கொழுப்புதான். உப்பு சதையைக் காக்கும், கொழுப்பு காறிப்போவதை அதனால் தடுக்க முடியாது.

இந்த இடத்தில் இளைஞர்கள் சிலருக்கு ஒரு சொல். செல்பேசியில் அமெரிக்காவின் டெக்சாஸ் சமையல் காணொலிகளைப் பார்த்துவிட்டு, மாட்டின் நெஞ்சுக்கறியை முழுத் துண்டாக வாங்கி வீட்டில் புகையில் வேக வைக்க ஆசைப்படுகிறவர்கள் இப்போது சிறு நகரங்களிலும் இருக்கிறார்கள். ஆசையில் தவறில்லை. மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னுடம்பின் பாரத்தை நெஞ்சுத் தசைகளே தாங்குவதால் அந்தக் கறியில் இணைப்பு நார்கள் மிகுதி. குறைந்த சூட்டில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வைத்திருந்தால்தான் அந்த நார் கரைந்து பசையாகி, கறி இளகும். இந்த அறிவியல் எல்லா நாட்டுக்கும் பொது. ஆனால் அங்கே அந்தக் கறி, தானியம் தின்று கொழுத்த, பெரும்பாலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட மாட்டிலிருந்து வருகிறது. சதைக்குள் ஓடும் கொழுப்பு உருகி உருகித்தான் அத்தனை மணி நேரமும் கறி காயாமல் நிற்கிறது. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்றோ, நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்று பெற்ற மாட்டையும் எருமையையும்தான் அறுக்கலாம். இதற்கு மேல் பசுவை அறுப்பதற்கு 1976இன் அரசாணைத் தடையும் இருக்கிறது. ஆகவே இங்கே முறைப்படி கிடைக்கும் மாட்டுக்கறி முதிர்ந்த, கொழுப்பற்ற கறி. டெக்சாஸ் செய்முறையை அதன் மேல் அப்படியே வைத்தால் செருப்புத் தோல்தான் மிஞ்சும். அதே முதிர்ந்த கறி உப்பிட்டுக் காய வைப்பதற்கோ, நீர் விட்டு மெல்ல வேக வைப்பதற்கோ அருமையாக ஒத்துழைக்கும். அங்கே புகைக்கு எரிக்கிற மெஸ்கீட் மரமும், நம் கண்மாய்களை அடைத்துக் கிடக்கிற சீமைக்கருவேலமும் ஒரே குடும்பத்து நெருங்கிய உறவுகள். விறகு ஒத்துப்போகிறது, விலங்கு ஒத்துப்போகவில்லை. எனவே நம்முடைய விலங்குக்கு நம்முடைய முறைதான் பொருந்தும்.

ஆட்டிலும் எந்தப் பாகம் எதற்கு என்ற அறிவு வாங்குகிறவருக்கு வேண்டும். நெஞ்செலும்பு, மார்கண்டம் என்று கடையில் கேட்டு வாங்குவது எலும்பும் குருத்தும் கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக வருகிற பாகம். சால்னாவுக்கும் எலும்புக் குழம்புக்கும் அதை மிஞ்ச வேறில்லை, காய வைக்க அது உதவாது. உப்புக்கண்டத்துக்குப் பின்னங்கால் சந்து வேண்டும், அதுவும் எலும்பை உருவி, கொழுப்பை வழித்து, துண்டு போடாமல் முழுசாக. நார் ஓடும் திசையிலேயே நீளமாகக் கீறினால்தான் அது கயிறு போலத் தொங்கிக் காயும். பிஞ்சுக் குட்டிக் கறி இதற்கு வேண்டவே வேண்டாம். நீர்ச்சத்து அதிகம், காய்ந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இரண்டு பல்லோ நாலு பல்லோ போட்ட, விதையடித்த கிடாய் உத்தமம். இளங்கறி என்றால் நல்ல கறி என்ற ஒரே அளவுகோலை எல்லாச் சமையலுக்கும் பிடித்துக்கொண்டு நிற்பதால் கடைக்காரரும் பல் போடாத குட்டிகளையே தேடி வாங்குகிறார். இன்னும் ஒரு வருடம் மேய்ந்திருந்தால் இரட்டிப்பாகியிருக்கக்கூடிய ஆடு பாதியிலேயே போய்விடுகிறது. வளர்த்தவருக்கும் அது நட்டம்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். எட்டயபுரம் ஆட்டுச் சந்தை சனிக்கிழமை கூடுகிறது. தென் மாவட்டங்களின் பெரிய ஆட்டுச் சந்தைகளில் ஒன்றான அது, தீபாவளிக்கும் பக்ரீதுக்கும் முந்தைய வாரங்களில் கோடிக்கணக்கில் வியாபாரம் பார்ப்பதாக நாளிதழ்களில் படிக்கிறோம். மறுநாள் ஞாயிறு, ஊரே கறி எடுக்கிற நாள். சனிக்கிழமை விடியலில் சந்தையில் கைமாறிய ஆடு, கழுத்துக்குக் கழுத்து நெருக்கி லோடு ஆட்டோவில் ஏற்றப்பட்டு, கோவில்பட்டி, கழுகுமலை வழியாக வெயிலில் வந்து, ஞாயிறு விடியலுக்கு முன்னால் அறுபடுமானால், அதற்குக் கிடைத்த ஓய்வு சில மணி நேரம்தான். இதில் இரக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். கறிக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். உயிரோடு இருக்கும் ஆட்டின் தசையில் கிளைகோஜன் என்கிற சர்க்கரைச் சேமிப்பு இருக்கிறது. அறுத்த பிறகு அது லாக்டிக் அமிலமாக மாறி, கறியின் அமில-கார அளவை (pH) ஏழிலிருந்து ஏறத்தாழ ஐந்தரைக்கு இறக்குகிறது. அந்தப் புளிப்புதான் கறிக்கு இயற்கையாக அமைந்த முதல் காவல். பல கிருமிகள் அதில் வேகமாகப் பெருகுவதில்லை. மிரண்டு, பட்டினி கிடந்து, நின்றபடியே பயணித்த ஆடு அந்தச் சர்க்கரையைச் சந்தையிலும் வண்டியிலுமே எரித்துத் தீர்த்துவிடும். பிறகு அமிலம் உண்டாக ஒன்றும் இருக்காது. கறி கருஞ்சிவப்பாக, தொட்டால் ஒட்டுகிறாற்போல் இருக்கும், ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் கெடும். அன்றே குழம்பு வைக்கிறவருக்கு இது தெரியாமல் போகலாம். உப்புக்கண்டம் போடுகிறவர் எத்தனை உப்பு தடவினாலும், ஈரத்தை விட மறுக்கிற கறியோடு போராட வேண்டியிருக்கும். வெயில் சரியில்லை, ஈ மொய்த்துவிட்டது, கைராசி இல்லை என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். பல நேரங்களில் காரணம் சனிக்கிழமைப் பயணம்.

இதை அறிந்துதான் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2001இல் வந்த அறுவைக் கூட விதிகள், கொண்டுவந்த விலங்கை 24 மணி நேரம் இளைப்பாறவிட வேண்டும் என்கின்றன. நகராட்சி எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற கூடத்துக்கு வெளியே அறுக்கக் கூடாது. சினை ஆட்டையும், மூன்று மாதம் நிறையாத குட்டியையும் அறுக்கக் கூடாது. ஒரு விலங்கின் கண் முன்னால் இன்னொன்றை அறுக்கக் கூடாது. கால்நடை மருத்துவர் ஒருவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேல், நாளுக்கு 96க்கு மேல் பார்க்கக் கூடாது என்றுகூட வரையறை இருக்கிறது. அவசரமாகப் பார்ப்பது பார்க்காததற்குச் சமம் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போது ஒரு முறை, அறுத்துத் தோலுரித்த பிறகு உள்ளுறுப்புகளோடு ஒரு முறை என்று இரண்டு முறை பார்ப்பதுதான் பரிசோதனை. இரண்டாவது முறைதான் பல உண்மைகளைச் சொல்கிறது. நுரையீரலிலும் ஈரலிலும் நீர்க்கட்டி இருக்கிறதா, ஈரலில் தட்டைப்புழு இருக்கிறதா, நிணநீர்க் கட்டிகள் வீங்கியிருக்கின்றனவா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். தேறிய கறியின் மேல் முத்திரை விழும். எழுதிய விதி இது. ஆனால் தமிழ்நாட்டின் பல சிறு நகரங்களில் ஆடு அறுவைக் கூடம் என்பது ஆண்டுக்கு ஒரு முறை ஏலம் விட்டு, குத்தகைப் பணம் வாங்கி, வரவுக் கணக்கில் எழுதி முடிக்கிற ஒரு வருமானத் தலைப்பாகவே நடத்தப்படுகிறது. குடிநீர்போல, தெருவிளக்குபோல, மக்களுக்குச் செய்து தர வேண்டிய வேலையாக அதை எந்த நகர்மன்றக் கூட்டத்திலும் பேசுவதில்லை.

கறிக்கடையில் கண் முன்னால் தொங்குகிற ஆட்டைப் பார்த்து, வேண்டிய இடத்தைக் காட்டி வெட்டி வாங்குகிறோமே, அதைவிட என்ன முத்திரை வேண்டும் என்பார்கள். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். தலைமுறை தலைமுறையாக வந்த கண் அது. வாலையும் விதையையும் விட்டுவைத்துத் தொங்கவிடுவதே கிடாய்தான், வெள்ளாடுதான் என்று காட்டுவதற்காக. கொழுப்பு கெட்டியாக வெள்ளை வெளேரென்று முதுகெல்லாம் படர்ந்திருந்தால் செம்மறி என்று சொல்லிவிடுகிற பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். விரலால் அழுத்தி, குழி மீண்டும் எழும்புகிறதா என்று பார்ப்பதும், எலும்பின் நிறத்தைப் பார்த்து வயது சொல்வதும் நல்ல அறிவு. அந்த அறிவு எட்டாத இடங்களும் உண்டு. கடைக்கு வருமுன்பே குடலும் ஈரலும் நுரையீரலும் தனியே போய்விட்டன. அவற்றில் எழுதியிருந்த நோய்க்குறிப்பு வாடிக்கையாளர் கண்ணுக்கு வருவதில்லை. நேற்று ஆட்டுக்குக் காய்ச்சல் இருந்ததா, நான்கு நாளுக்கு முன் ஊசி போட்டார்களா, குடற்புழு மருந்து கொடுத்து அதன் விலக்குக் காலம் முடிந்ததா என்பதைத் தொங்குகிற தொடையிலிருந்து யாராலும் படிக்க முடியாது. கண் பார்த்துச் சொல்வது இனத்தையும் புதுமையையும். உடல்நலத்தைச் சொல்ல மருத்துவர் வேண்டும்.

நகராட்சிக்கு வெளியே, சுற்றுக் கிராமங்களில் இன்னொரு வழி உயிரோடு இருக்கிறது. நல்ல கறி எங்கே என்ற கேள்விக்கு மிக நேர்மையான பதில் இதுவரை அங்கிருந்துதான் வந்திருக்கிறது. தீபாவளிக்கோ கோயில் கொடைக்கோ பத்துப் பன்னிரண்டு வீட்டார் பணம் போட்டு, தெரிந்த கோனாரின் மந்தையிலிருந்து ஒரு கிடாயைப் பேசி வாங்கி, அறுத்து, கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூற்றிலும் தொடையும் விலாவும் நெஞ்செலும்பும் ஈரலும் குடலும் சமமாக விழ வேண்டும். விழவில்லை என்றால் அங்கேயே சண்டை வரும். அந்த ஆடு எந்தக் காட்டில் மேய்ந்தது, போன மாதம் சீக்காகக் கிடந்ததா என்று வாங்குகிற அத்தனை பேருக்கும் தெரியும். நகரத்துக் கடையில் தொலைந்துபோன தகவல் இதுதான். லோடு ஆட்டோவும் இல்லை, சந்தை மிரட்சியும் இல்லை என்பதால் கறியும் நன்றாக இருக்கும். எனவே உப்புக்கண்டம் போட நினைக்கிற சங்கரன்கோவில் குடும்பத்துக்கு உறவோ நட்போ கிராமத்தில் இருந்தால், கூறுக்கறியில் சந்துக் கறியை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி நானும் சொல்வேன். ஒரே ஒரு எச்சரிக்கையோடு. சாகப்போகிற ஆட்டை விலை வீணாகாமல் அறுத்துவிடுகிற பழக்கம் எல்லா மேய்ச்சல் நாட்டிலும் இருக்கிறது. அடைப்பான் நோய் கண்ட ஆட்டை அறுக்கவே கூடாது. செத்தாலும் உடம்பைத் திறக்கக் கூடாது. அந்தக் கிருமியின் வித்து மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும், அறுத்தவர் கையிலேயே புண்ணாக ஏறும். கொடைக்கு முந்தின நாள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் ஆட்டைக் காட்டிவிட்டு வருவது ஒரு நாழிகை வேலை.

விலை ஏறிவிடும் என்ற மறுப்பு நியாயமானது, ஏனென்றால் கிலோ 800 ரூபாயைத் தாண்டிவிட்ட கறி ஏற்கனவே விசைத்தறித் தொழிலாளிக்கு மாதம் ஒரு முறைப் பண்டமாகிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 கிலோ எடையுள்ள கிடாயில் எலும்போடு 11, 12 கிலோ கறி தேறும். ஓர் ஆட்டுக்குப் பரிசோதனைக் கட்டணம் 60 ரூபாய் என்று வைத்தாலும் கிலோவுக்கு ஐந்தாறு ரூபாய்தான் கூடுகிறது. எடை போடும்போது ஒட்டிக்கொண்டு வருகிற தண்ணீருக்கும் சவ்வுக்கும் வாடிக்கையாளர் இன்று கொடுப்பது இதைவிட அதிகம். மேலும், விலையைப் பற்றிப் பேசுவதானால் பாகம் பார்த்து விலை வைக்கிற முறையைப் பேச வேண்டும். இப்போது சந்துக்கும் கழுத்துக்கும் நெஞ்செலும்புக்கும் பெரும்பாலான கடைகளில் ஒரே விலை. அதனால் செல்வாக்குள்ள வாடிக்கையாளர் தொடையை வாங்கிப் போகிறார். பின்னால் வருகிற எளியவர் அதே விலைக்குக் கழுத்தெலும்பையும் கொழுப்பையும் வாங்கிப் போகிறார். சந்துக்கு 100 ரூபாய் கூட்டி, நெஞ்செலும்புக்கும் கழுத்துக்கும் 150 ரூபாய் குறைத்து எழுதிவைத்தால் உப்புக்கண்டக்காரர் தனக்கு வேண்டியதற்கு உரிய விலையைக் கொடுப்பார், எலும்புக் குழம்பு வைக்கிற வீட்டுக்கு அடுப்பில் வாரம் ஒரு நாள் கூடும். கடைக்காரருக்கும் நட்டமில்லை.

பெருநகரங்களில் விற்கிற குளிரூட்டிய, காற்று நீக்கிய பொட்டலக் கறி வந்துவிட்டால் இந்தப் பிரச்சினை தானே தீரும் என்று சிலர் நம்புகிறார்கள். குளிர்ச்சி கெடுவதைத் தள்ளிப்போடும்; நோயுள்ள ஆட்டை நோயற்றதாக்காது. பொட்டலத்தின் மேல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் இருப்பது நல்லதுதான். அந்த எண் பொட்டலத்துக்கு மட்டும் உரியது அல்ல. 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் தெருக் கறிக்கடையும் பதிவு செய்து அந்த எண்ணைக் கடையில் மாட்ட வேண்டும். தெருக் கடையை விட்டுவிட்டுப் பொட்டலத்துக்கு ஓடுவதைவிட, தெருக் கடையை அந்த நிலைக்கு உயர்த்துவதையே நான் விரும்புவேன். எந்த ஆடு, எந்தச் சந்து என்று பேசி வாங்குகிற உறவு பொட்டலத்தில் கிடையாது.

உடல்நலம் பற்றிய மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவதாக உறுதிப்பட்டவற்றின் வரிசையில் 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்தது. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பதும் அந்த நிறுவனத்தின் அறிவுரை. உப்புக்கண்டத்தை நாள்தோறும் தின்னும் உணவாக யாரும் பரிந்துரைக்கக் கூடாது. நம் வீடுகளில் அது அப்படி இருந்ததும் இல்லை. கஞ்சிக்கும் பழையதுக்கும் தொட்டுக்கொள்ள, மழைக்காலத்தில் காய்கறி இல்லாத நாளில், இரண்டு துண்டு நசுக்கி எண்ணெயில் பொரிப்பது என்ற அளவில்தான் அது வாழ்ந்தது. அந்த அளவிலேயே அது தொடரட்டும்.

கோமதி அம்மன் ஆடித் தபசு இருக்கிற ஊரில், சங்கரநாராயணர் கோயிலின் பெயரையே தாங்கி நிற்கிற ஊரில், கறியைப் பற்றி இத்தனை பேச வேண்டுமா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அதே ஊரின் பெயர் தமிழ்நாடு முழுக்க மட்டன் பிரியாணிக்கும் அறிமுகமாகியிருக்கிறது. பிரியாணிக்காக நெடுஞ்சாலையிலிருந்து வண்டியைத் திருப்பி ஊருக்குள் வருகிறவர்கள் உண்டு. இரண்டு முகமும் இந்த ஊருக்குச் சொந்தம். முறையான அறுவைக் கூடத்தால் அதிகம் நன்மை அடையப்போவது கறி தின்னாதவர்கள்தான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கூடம் ஒழுங்காக இருந்தால் கடை வாசலில் அறுப்பதும், சாக்கடையில் ரத்தம் ஓடுவதும், கழிவு தெருமுனையில் விழுவதும் நிற்கும். நீர்க்கட்டி உள்ள நுரையீரலைத் தின்கிற தெருநாயின் குடலில் நாடாப்புழு வளர்ந்து, அதன் முட்டை மண்ணிலும் கீரையிலும் ஏறி மனிதர்களின் ஈரலுக்கு வருகிறது. அந்தச் சுழற்சிக்கு சைவ வீடு, அசைவ வீடு என்ற வேறுபாடு தெரியாது.

ஆகவே இன்றைக்கு, இருக்கிற நிலையில், வாங்குகிறவர் செய்யக்கூடியது இது. தை, மாசி, பங்குனி மாதங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்; ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரம் எந்த நல்ல கறியையும் கெடுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள். புதன், வியாழனில் அறுக்கிற கடையில் இரண்டு நாள் முன்பே சொல்லி, ஆடு சந்தையிலிருந்து எந்தக் கிழமை வந்தது, எத்தனை பல் என்று கேட்டு, முழுச் சந்துக் கறியைத் தண்ணீர் காட்டாமல் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் துடைத்துக் கீறி உப்பிடுங்கள். குளிர்பெட்டியில் ஒரு நாள் போட்டுவிட்டுப் பிறகு பார்ப்போம் என்று இருக்காதீர்கள். கேட்கிறவர்கள் பெருகினால் கடைக்காரர் பதில் வைத்திருப்பார். ஒருவர் மட்டும் கேட்டால் அவரை வம்புக்காரர் என்று நினைப்பார். அதனால்தான் தனியார் முயற்சியோடு இது முடியாது.

சங்கரன்கோவில் நகராட்சி இந்தத் தீபாவளிக்குள் செய்யக்கூடியவை சில இருக்கின்றன, புதிய கட்டடம் கட்டாமலே. சந்தை ஆடுகள் ஓர் இரவும் ஒரு பகலும் தண்ணீரோடு நிற்க நிழலான பட்டி ஒன்று ஒதுக்கலாம். கால்நடை பராமரிப்புத் துறையிடம் கேட்டு, முதலில் ஞாயிறு, புதன் இரண்டு நாளுக்காவது ஒரு மருத்துவரை அமர்த்தலாம். விதி சொல்கிற 96 ஆட்டு வரம்புக்கு இந்த ஊரின் வழக்கமான நாள் தேவை நெருங்கப்போவதில்லை என்பதே என் கணிப்பு. தீபாவளிக்கு மட்டும் இரண்டாவது மருத்துவர் வேண்டியிருக்கலாம். 2012இல் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே தொடங்கப்பட்ட பிறகு, பயிற்சி மாணவர்களைத் துணைக்கு அழைப்பதும் கடினமல்ல. ஒவ்வொரு கடையிலும் ஒரு கரும்பலகை: வெள்ளாடா செம்மறியா, எத்தனை பல், எந்தச் சந்தை, என்று வந்தது, என்று அறுத்தது, ஒவ்வொரு பாகத்துக்கும் என்ன விலை. கூடத்தின் குத்தகை ஆவணத்தில் இந்தப் பலகையை ஒரு நிபந்தனையாகச் சேர்த்து, அடுத்த ஏல அறிவிப்பிலேயே வெளியிடலாம். ஏலத்துக்கு முன் நகர்மன்றம் கூடும் நாளில் அந்த நிபந்தனையைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள், ஞாயிறுதோறும் கறிக்கடை முன் வரிசையில் நிற்கிற நாம்தான்.